எட்டு அங்குல மண்ணில் கோவா

அக்டோபர் 3

இல்லை, ஆழம் வேண்டியதில்லை. எட்டு அங்குலம் போதும். கோவாவின் வேர் பக்கவாட்டில் பரவுவது. கீழே துளைத்துக்கொண்டு போகும் ஆசை அதற்குக் கிடையாது. பலகை அறுக்கும்போது பிலோமினா அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன். சிமெண்டுத் தரை மேல் மண்ணைக் கொட்டி விவசாயமா என்று அவள் கேட்டதையே காலனியில் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் ஒன்றுதான் என்பதால் எனக்கு அலுக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் பழைய தேயிலை நிறுக்கும் கொட்டகை. ஒரு காற்றில் தகரம் போனது. தரை மட்டும் கிடக்கிறது, பாசி பிடித்து. தோட்டத்துக்காரர்கள் அதை மறந்துவிட்டார்கள். காலனி அதில் துணி காயப்போடுகிறது.

சுற்றிலும் மண் இருக்கும்போது எதற்கு சிமெண்டு? சுற்றியுள்ள மண்ணில் வேர் முடிச்சு நோய் இருக்கிறது, அதனால். கோத்தகிரிச் சரிவில் கோவா போட்டவர்கள் எல்லோரும் அந்த வீங்கிய வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்கள்தான். ஒருமுறை வந்தால் பல வருடம் மண்ணை விட்டுப் போகாது. சிமெண்டு மேல் புது மண் என்றால் கீழிருந்து ஏற வழியில்லை. சாலை வெட்டிய இடத்திலிருந்து செம்மண். மாட்டுச் சாணம், ஆறியது. சுண்ணாம்பு, கொஞ்சம் தாராளமாக.

நான்கு மேட்டுப்பாத்திகள். சில்வர் ஓக் பலகை. நானே அறுத்தேன்.

அக்டோபர் 6

மேட்டுப்பாளையம் நாற்றுப்பண்ணைக்குப் போன் செய்தேன். மூன்று தட்டு கோவா என்றேன். எதுங்க என்றார். கோவா என்றேன். பின்னால் லாரி இரைச்சல். அவர் திருப்பிச் சொன்னார், ஆமாம் என்றேன். சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

எல்லோரையும் போல முட்டைக்கோஸ், கோஸ் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியில், சாப்பாட்டு மேசையில், இன்றைக்கும் கோவாப் பொரியலா என்று கேட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. பால்கோவாவில் யாராவது பொரியல் செய்வார்களா என்றாள் ஒருத்தி. அடுத்த நாளிலிருந்து கோஸ். ஐந்து வருடம் கோஸ். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேச்சைப் பற்றி எம்.ஃபில். கட்டுரை எழுதியபோதும் வாயால் கோஸ். அம்மா இலங்கை மஸ்கெலியாவிலிருந்து தன் எட்டு வயதில் கொண்டுவந்த சொல் அது. கப்பலில் வந்த தகரப் பெட்டி துருப்பிடித்துவிட்டது. சொல் அப்படியே இருக்கிறது. இனி நான் அதை எங்கும் சொல்வதாக இருக்கிறேன்.

அக்டோபர் 7

சசி அண்ணன் திருப்பூரிலிருந்து பேசினான். அம்மா இலை எடுப்பதை நிறுத்தியாயிற்று, முட்டி போயிற்று, இனி அவளுக்கு இங்கே என்ன வேலை என்கிறான். அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதையும் மறைக்காமல் சொன்னான். நல்லவன்தான்.

நான் திட்டத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட விடுதியின் தலைமைச் சமையல்காரர் தேவசகாயம் மாஸ்டரிடம் பேசியிருக்கிறேன். டிசம்பர் ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு கோவா கேட்டிருக்கிறார். சரக்கு பிடித்தால் வாரா வாரம் எடுப்பார். வாரா வாரம் என்றால் வருமானம். வருமானம் என்றால் அம்மா தன் வீட்டில், தன் அடுப்பில் இருக்கலாம்.

"கோஸு வித்து அம்மாவக் காப்பாத்தப் போறியா? எம்.ஃபில்லு படிச்சுட்டு?"

"ஆமாண்ணே."

"சரி. மார்கழி வரைக்கும் பாக்குறேன். ஆர்டர் நிலைச்சா அவங்க அங்கயே இருக்கட்டும். இல்லன்னா தை பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் அழக்கூடாது."

அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது. எனக்குத் தனியாக இருப்பது பழக்கம். இது அம்மாவுக்காக.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாப்போம் என்றாள்.

அக்டோபர் 11

நாற்று வந்தது. கண்டக்டர் குழித்தட்டுகளைப் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சாம்பல் பூத்த பச்சை, நான்கு இலை. அழகு.

அக்டோபர் 12

நட்டேன். ஒன்றரை அடிக்கு ஒன்று, முக்கோணமாக. இலைகள் பெரிதாகும்போது ஒன்றையொன்று தொட்டு மண்ணை மூடிவிடும், களை வராது. ஓரத்தில் ஒரு வரிசை கடுகு. பூச்சிக்குக் கடுகு பிடிக்கும், முதலில் அங்கே போகும்.

அம்மா மேலே வரவில்லை. படிக்கட்டு செங்குத்து, முட்டி விடாது. கீழிருந்து குரல் கொடுத்தாள், சாப்பிட வா என்று. தரையின் வடகிழக்கு மூலையில் வடிகால். அங்கே நின்றால் நம் சமையலறைக் கதவு தெரிகிறது.

அக்டோபர் 19

எல்லாம் பிடித்துவிட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை.

அக்டோபர் 24

இரண்டு நாள் அடைமழை. கீழே பிலோமினா அக்காவின் கேரட்டுப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு நிற்கவில்லை. பலகைக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறேன், ஊறியது போக மீதி வெளியே ஓடிவிடுகிறது. ஆழமில்லாத மண்ணின் வசதி. அதிகம் பிடித்துவைத்துக்கொள்ளாது.

வடிகாலை நான்கைந்து முறை பார்த்தேன்.

அக்டோபர் 29

பச்சைப் புழு. நினைத்தபடி கடுகில்தான். விரலால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஒரு காலை முழுவதும் போனது. மனம் எதையும் யோசிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இதைப் பெற என்ன பாடுபட்டிருப்பேன்.

அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கதவு பூட்டிக் கிடந்தது. மழை இல்லை. வடிகாலில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். அடைக்கவில்லை.

நவம்பர் 5

பிலோமினா அக்கா துணி எடுக்க வந்தவள் பாத்தியருகே நின்றாள்.

"என்னா தயா, ஒன் கோஸு கழுத்த நீட்டிக்கிட்டு நிக்குது? வெளியூர் போற மாதிரி."

வெயில் குறைவு, அதனால் இலைக்காம்பு நீள்கிறது என்று விளக்கினேன். மேகம் போனால் சரியாகும். தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டல் எதற்கும் ஒன்றுதான்.

நவம்பர் 10

வெயில் வந்தது. காம்பு நீளமாகவே இருக்கிறது.

ரகத்தின் குணமாக இருக்கலாம்.

நவம்பர் 14

தண்டு தடிக்கிறது. நல்ல அறிகுறி. கனமான தலையைத் தாங்க வேண்டும் அல்லவா.

நவம்பர் 16

அம்மா கேட்டாள், கட்டிருச்சா என்று. கட்டுது என்றேன்.

இன்னும் தூக்கம் சரியில்லையா என்றும் கேட்டாள். நான் தூங்கவில்லை என்று எப்போது சொன்னேன்?

நவம்பர் 18

ஏதோ ஒன்று கட்டுகிறது. நான் சொன்னது பொய்யல்ல.

நவம்பர் 20

கோவாவில் இலை உள்நோக்கி மடியும். ஒன்றின் மேல் ஒன்று, மூடிக்கொள்ளும். என் பாத்தியில் எல்லா இலைகளும் வெளியே பார்க்கின்றன. நடுவில் தண்டு, மண்ணுக்கு மேலே, எலுமிச்சை அளவுக்கு உருண்டு, இளம்பச்சையில் பளபளக்கிறது. எல்லாப் பாத்தியிலும். சீராக. மிக ஆரோக்கியமாக.

நவம்பர் 21

இவை நூல்கோல்.

நவம்பர் 22

நாற்றுப்பண்ணைக்குப் போன் செய்தேன். சண்டை போடும் எண்ணம் இருந்தது. அவருக்கு என்னை நினைவிருந்தது. பொறுமையான மனிதர்.

"நீங்கதானம்மா கேட்டீங்க. நான் திருப்பிக் கேட்டனே, நூக்கோலான்னு. ஆமான்னீங்க."

நூக்கோலா. கோவா.

லாரி இரைச்சலில் முன்பாதி போயிருக்கிறது. மிஞ்சியது கோலா. என் காது அதைக் கோவா என்று எடுத்துக்கொண்டது, அவர் காது என் கோவாவைக் கோலா என்று எடுத்துக்கொண்டதைப் போலவே. இருவரும் ஒருவரையொருவர் திருத்தி, ஒத்துக்கொண்டு, போனை வைத்திருக்கிறோம்.

"அது என்னங்க கோவா?" என்று கடைசியில் கேட்டார்.

கோஸ் என்றேன்.

"அதச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

நவம்பர் 23

நிலைமை. கோவா இல்லை. இப்போது நட்டால் ஆண்டுவிழாவுக்கு வராது. முதல் பாத்தி நூல்கோல் இன்னும் ஒரு வாரத்தில் பதம், நிழல் விழும் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். பதம் தாண்டினால் நார் பாய்ந்துவிடும், எதையும் நிறுத்திவைக்க முடியாது. நார் பாய்ந்த நூல்கோல் மாட்டுக்குத்தான்.

யாரிடமும் சொல்லாமல் சந்தையில் போட்டுவிடலாம். ஆண்டுவிழாவுக்கு வேறு ஒருவரிடம் கோவா வாங்கி என் கோவா என்று கொடுக்கலாம். இந்த இரண்டாவது யோசனை எனக்கு வந்தது என்பதை எழுதிவைக்கிறேன். பல் துலக்கும்போது வந்தது. வாய் கொப்பளித்ததும் போய்விட்டது.

மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். நடந்ததைக் கோலா, கோவா எல்லாம் சேர்த்து. அவள் செருப்பை மாட்டினாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, என் தோளைப் பிடித்து, மேலே வந்துவிட்டாள்.

நான்கு பாத்தியையும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், வயிறு குலுங்க. பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவான்னா சொன்ன? மேட்டுப்பாளையத்துக்காரன்கிட்ட?"

"நம்ம சொல்லுதானம்மா."

"நம்ம சொல்லுதான். யாரு இல்லேன்னா? நாங்க வந்த வருசமே சந்தையில எங்கப்பாவப் பாத்து சிரிச்சானுங்க. அன்னையிலருந்து கடையில கோஸு, வூட்டுல கோவா. ஏன்டி, அஞ்சு வருசம் படிச்சியே, ரெண்டையும் வச்சுக்கிறதுக்கு என்னா கஷ்டம்?"

நான் அதை விட்டுக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். கட்டுரையிலும் அப்படித்தான் எழுதினேன், ஒரு அத்தியாயம் முழுக்க. அவளுக்கு அது மழைக்குக் குடையும் வெயிலுக்குத் தொப்பியும் மாதிரி.

இறங்குவதற்கு முன் ஒன்றைத் திருகிப் பிடுங்கினாள். மடியில் துடைத்து, பல்லால் தோலை உரித்து, கடித்து, பாதியை எனக்குக் கொடுத்தாள். தண்ணீராக இருந்தது, இனிப்பாக.

"நோக்கோலு நல்லா வந்திருக்கு" என்றாள். அவளுக்கு அது நோக்கோல். எழுதும்போது நூல்கோல், விற்கும்போது நூக்கோல். போதும், இனி எண்ண மாட்டேன்.

நவம்பர் 25

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். துணிப்பையில் ஆறு காய், இலையோடு. ஆண்டுவிழா பக்கத்தில் வரும்வரை காத்திருந்தால் மாஸ்டருக்கு வேறு ஆள் பார்க்க நேரமிருக்காது. அதனால் இன்றே.

தேவசகாயம் மாஸ்டர் பெரிய உடம்பு, சின்னக் குரல். அண்டாவில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். பையைத் திறந்து காட்டினேன்.

"நான் கேட்டது கோஸு. இது நூக்கோலு."

"ஆமா மாஸ்டர். கோஸ் இல்ல. இந்தத் தடவ வராது. வேற ஆள்கிட்ட சொல்லிருங்க."

எப்படி என்றார். சொன்னேன். சுருக்கமாகத்தான். ஆனால் கோலாவுக்கு வந்தபோது அவர் கரண்டியை வைத்துவிட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். விடுதி மேசையின் சிரிப்பு இல்லை இது. அல்லது அதே சிரிப்புதானோ என்னவோ. நான் நின்ற விதம் வேறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லவேளை பள்ளிக்கூடத்துக்கு மூணு மூட்டை பால்கோவா வராமப் போச்சு என்றார்.

பிறகு ஒரு காயை எடுத்துக் குறுக்கே வெட்டினார். கத்தி எங்கும் தயங்கவில்லை. ஒரு துண்டில் உப்பைத் தொட்டு வாயில் போட்டார். இன்னொன்றை வெட்டினார். மூன்றாவதையும். சந்தையில் வரும் நூல்கோல் பாதிக்கு மேல் நார், பிள்ளைகள் தட்டில் துப்பிவைக்கிறார்கள், அதனால் குருமாவில் போடுவதையே விட்டுவிட்டேன் என்றார்.

"கோஸுக்கு எனக்கு நூறு பேரு இருக்கான். இந்தப் பதத்துக்கு நூக்கோலு எவன் தர்றான்? பெருசாக விடாம வெட்டித் தருவியா?"

"தருவேன்."

"வாரா வாரம்?"

"தட்டு தட்டா மாத்தி நட்டா வரும். ஆழமில்லாத பாத்தி, சீக்கிரம் காலி பண்ணி சீக்கிரம் நடலாம். முள்ளங்கியும் தர்றேன்."

கேட்காத முள்ளங்கியை நானே சேர்த்தேன்.

அவர் கரண்டியை எடுத்தார். "வியாழக்கிழமை கொண்டா. போன்ல பேசாத, நேர்ல வந்து சொல்லு" என்றார்.

திரும்பி நடந்து வந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை.

நவம்பர் 30

முதல் பாத்தி காலி. இலைகளை அம்மா மெல்லிசாக அரிந்து தேங்காய் போட்டு வதக்கினாள். பிலோமினா அக்காவுக்கும் ஒரு கிண்ணம். கழுத்து நீளமா இருந்தாலும் ருசியாத்தான் இருக்கு என்று சொல்லி அனுப்பினாள்.

டிசம்பர் 1

காலியான பாத்தியில் சாணம், சுண்ணாம்பு, சந்தையில் வாங்கிய நூல்கோல் நாற்று. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். தளர்ந்து, நல்ல நிறம்.

டிசம்பர் 10

மூன்று வாரமாக வியாழன் தவறவில்லை என்று எழுத ஆசை. இரண்டுதான் ஆகியிருக்கிறது. நாளை மூன்றாவது.

சசி அண்ணனிடம் சொன்னேன். சரிதான், நீ ஜெயிச்சுட்ட, அம்மா அங்கயே இருக்கட்டும் என்றான். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அண்ணி அதைச் சமாதானப்படுத்தும் குரலும் கேட்டது. களைத்த குரல். ஜெயித்தவள் அதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை.

போனை அம்மாவிடம் கொடுத்தேன். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பேசினாள்.

டிசம்பர் 12

அம்மா திருப்பூர் போகிறாள்.

முதலில் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். சமீபத்திய அனுபவம் அப்படி. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கழித்து அடுத்த ஞாயிறு. மாசி கடைசிவரை. மேனகா அண்ணி தனியாகக் கிடந்து அல்லாடுகிறாளாம்.

ஆர்டர் நிலைத்துவிட்டதே என்றேன். நீ போக வேண்டியதில்லையே என்றேன். இதற்காகத்தானே எல்லாம் என்றேன். மூன்றாவதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்திருந்தது.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னைக்குப் போயிருந்தா அவன் என்னயக் கூட்டிட்டுப் போயிருப்பான். இப்ப நான் போறேன். ரெண்டும் ஒன்னா?"

ஒன்றில்லை. எனக்குத் தெரிகிறது. அப்படியும் கேட்டேன், அப்படியென்றால் இந்த இரண்டு மாதம் ஏன் போகாமல் இருந்தாய், நிஜமாகவே இந்த வீட்டை விட முடியாமலா என்று.

"வூடு எங்க போகப்போவுது? நீதான் மேலருந்து எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நின்ன. அரைமணிக்கு ஒருக்கா. நான் அடுப்படியில இருக்கேனா இல்லயான்னு. அப்புடி நிக்கிற புள்ளைய விட்டுட்டு எப்புடிடி போறது?"

"வடிகாலப் பாக்கப் போனேன்."

"மழையில்லாத அன்னைக்கும்."

கீரைத் தண்டுகளை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து ஆய்ந்தேன்.

இதைவிட அதிகமாக இன்று எழுத வேண்டாம்.

டிசம்பர் 13

சமைத்தவள் அவள், மண் சுமந்தவள் நான். காப்பாற்றப்பட்டது யார் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம்தான். பாத்திகள் பொய்யில்லை. வியாழக்கிழமை பொய்யில்லை. மாஸ்டர் முன்னால் நின்றது நான்தான், அங்கே அடுப்படிக் கதவு தெரியவில்லை.

டிசம்பர் 14

இரண்டாம் பாத்தியில் முள்ளங்கி முளைத்திருக்கிறது. விரல் நகத்தில் பாதி.

டிசம்பர் 17

ஆண்டுவிழா. மாஸ்டர் என்னையும் சாப்பிட்டுப் போகச் சொன்னார். இலையில் வேறு யாரோ விளைத்த கோஸ் பொரியல். நன்றாகத்தான் இருந்தது. என் நூல்கோல் குருமாவில் இருந்தது. எதிரில் ஒரு சிறுமி துண்டு துண்டாகப் பொறுக்கித் தின்றாள். எதையும் துப்பவில்லை.

டிசம்பர் 21

கோத்தகிரி பஸ் நிலையம். அம்மா ஜன்னலோரம். மடியில் சணல் பை, பையில் ஒரு டஜன் நூல்கோல், மேலே இலை தெரிய. முட்டித் தைலம் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தேன் என்றாள். பணம் பத்திரம் என்றேன். எனக்குச் சொல்லுறியா என்றாள்.

வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"யாரும் கேட்டா கோஸுன்னு சொல்லு. என்கிட்ட கோவான்னு சொல்லு."

கண்டக்டர் விசில் ஊதினார்.

வீட்டுக்கு வந்தேன். ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை. அதிகமாகப் போட்டுவிட்டேன். மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தேன், காலைக்கு ஆகும்.

டிசம்பர் 22

உறைபனி இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பழைய சாக்குகளைப் பாத்திகள் மேல் விரித்தேன். காலையில் எடுத்தபோது சாக்கு விறைத்திருந்தது. அடியில் நாற்று எதுவும் கருகவில்லை.

வடகிழக்கு மூலைக்குப் போகவில்லை. மழை இல்லை.

டிசம்பர் 24

அம்மா பேசினாள். குழந்தை இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறதாம். நூல்கோல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கோவா, கோவா என்கிறதாம். அது கோவா இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். மேனகா அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. சசி அண்ணன் போனை வாங்கி, இந்த வியாதி பரம்பரையா வருது போல என்றான்.

வைத்த பிறகு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். காலனி முழுக்க நட்சத்திர விளக்கு. பிலோமினா அக்கா வீட்டில் கேக் வாசனை.

மறுபடி போனை எடுத்து மேட்டுப்பாளையத்தைக் கூப்பிட்டேன். கோஸ் ஒரு தட்டு, நூல்கோல் இரண்டு தட்டு. அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிறகு மேலே போய், நான்காம் பாத்தியின் மண்ணைக் கிளறி, சுண்ணாம்பு தூவி, சாக்கை விரித்துவிட்டு வந்தேன்.